சனிக்கிழமை மயில்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை 5.50. மீதமுள்ள படப்பிடிப்பு ஆறு நாள். எடுக்க வேண்டிய காட்சிகள் ஒன்பது. ஒழுங்காக வேலை செய்யும் சட்டை மைக் நான்கு. ஒன்பது காட்சிகளில் ஒன்றுக்கு, காட்சி எண் 47-க்கு, நடிக்க ஆளே இல்லை.

சவுண்ட் ரிப்போர்ட்டில் டேக் எண்ணுக்கும் குறிப்புக்கும்தான் கட்டம் இருக்கிறது. மற்றதை இங்கே எழுதுகிறேன்.

படத்தின் கதை 1949-இல் நடக்கிறது. கல்யாண வீட்டில் மூன்று நாளாக அடுப்படியில் வேகும் விதவை அத்தையை, தாலி கட்டும் நேரம் வந்ததும் பின்பக்கம் போகச் சொல்கிறார்கள். வீட்டுப் பெண்கள் கூடிப் பேசி, அத்தைக்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, முன்வரிசையில் கொண்டுவந்து உட்கார்த்துகிறார்கள். மேளக்காரர் மேளத்தை மறக்கிறார், மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி சிலையாகிறான். அப்போது அத்தைக்கு ஒரே ஒரு வசனம். படிக்கும்போது விழுந்து விழுந்து சிரித்தேன். டைரக்டர் பூங்கோதை மேடத்திடம் சொல்லவும் செய்தேன்.

இந்தப் படத்துக்கு டப்பிங் இல்லை. நடிக்கும்போது பேசுவதுதான் தியேட்டரில் கேட்கும். எனவே ஒவ்வொரு டேக் முடிந்ததும் மேடம் முதலில் கேமராவைப் பார்ப்பார், பிறகு என்னை. நான் "சவுண்ட் ஓகே" என்றால் அடுத்த ஷாட். இல்லை என்றால் மறுபடி. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

நீளக் கழியில் மைக்கைத் தொங்கவிட்டு நடிகர்களின் தலைக்கு மேலே பிடித்து நிற்பது டெய்சியின் வேலை. நாகர்கோவில்காரி. அவள் காதிலும் ஹெட்போன் உண்டு. நான் கேட்பதை அவளும் கேட்பாள். அது வசதி என்று இதுவரை நினைத்திருந்தேன்.

இந்த ஊரில் மயில் தொல்லை. பொள்ளாச்சி பக்கத்தில் காக்காயைவிட மயில் அதிகம். நேற்று மட்டும் மூன்று டேக் போயிற்று.

"1949-லயும் மயில் இருந்திருக்கும்ல மக்கா, விட்டுத்தொலை" என்கிறாள் டெய்சி.

வசனத்தின் மேல் வந்து உட்கார்ந்தால் எந்த வருஷத்து மயிலாக இருந்தாலும் தொல்லைதான்.

பிப்ரவரி 12, புதன்

அத்தையாக நடிக்க வேண்டியவர் சென்னையிலிருந்து வரவில்லை. அவருடைய மாமியார் ஜோசியரைக் கேட்டாராம். புருஷன் உயிரோடு இருக்கும்போது வெறும் நெற்றியோடு கேமரா முன் நிற்கக் கூடாதாம்.

சரி, உள்ளூரில் பார்ப்போம் என்று மேடம் இறங்கினார். கூட்டக் காட்சிக்கு வந்திருந்த பெண்கள் நாற்பது பேர். அத்தைக்கு இரண்டு ஷாட்: முதலில் வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, அடுத்து பொட்டும் பூவும். கல்யாணமானவர்கள் முதல் ஷாட்டுக்கு மாட்டேன் என்றார்கள். புருஷன் இல்லாதவர்கள் இரண்டாவதற்கு மாட்டேன் என்றார்கள். ஒரு அம்மாள் சொன்னதைக் காதால் கேட்டேன்: "சினிமால வெச்சா மட்டும் பூவு பூவு இல்லீங்களா? நாளைக்கு எங்கூட்டு மருமக கேப்பா."

பெண்கள் எதையும் மீறலாம் என்று படம் எடுக்கிறோம். மீறிக் காட்ட ஒரு பெண் கிடைக்கவில்லை. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு என் சவுண்ட் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே என் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

அம்மா வந்த காரணத்தை எழுத வேண்டும். ஜனவரியில் எனக்கு மஞ்சள் காமாலை. இன்னும் பத்தியம். எண்ணெய், காரம் ஆகாது. ஊர் உடுமலை என்பதால் அம்மா தினமும் பஸ் ஏறி வந்துவிடுகிறாள்: மோர்ச்சோறு, வேகவைத்த சுரைக்காய், அரைத்த கீழாநெல்லி. வராதே என்று எட்டு முறை சொல்லிவிட்டேன். அப்பா இறந்து பதினோரு வருஷமாகிறது. சாம்பல் நிறச் சேலை, திருநீறு. பெயர் துளசிமணி. இங்கே எல்லாருக்கும் "தரணி அம்மா."

மேடம் யாரிடமோ என்பதுபோல் சொன்னார்: "பொட்டு இருக்கறவங்க எடுக்க மாட்டேங்கறாங்க. இல்லாதவங்க வைக்க மாட்டேங்கறாங்க. நான் என்னதான் பண்றது?"

அம்மா டிபன் கேரியரை மூடிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு எடுக்க ஒண்ணுமில்லீங்க. வெக்கறதுன்னா வெச்சுக்கறேன்."

நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

அம்மாதான் அத்தை. முடிவாகிவிட்டது. என்னைக் கேட்கவில்லை.

மத்தியானம் கேட்டேன். "உனக்கு நடிக்கத் தெரியுமா?"

"எழவு ஊட்ல உங்க பெரிய மாமன் அழுவறதப் பாத்தவன்தான நீயி? எங்க குடும்பத்துல நடிக்கத் தெரியாத ஆளு ஆரு?"

"விளையாடாதம்மா. ஒரு வசனம் இருக்கு. தெளிவாப் பேசணும். நூறு பேர் பாப்பாங்க."

"பாக்கட்டும். பதினோரு வருசமா ஆரும் பாக்கறதில்ல."

எனக்கு ஆட்சேபணை தொழில்ரீதியானது மட்டும்தான். புதியவர்களுக்குக் குரல் நிலையாக இருக்காது. மைக் வைத்தால் சேலையைச் சேலையை இழுப்பார்கள், உரசும்.

சாயங்காலம் நாச்சிமுத்து மாமாவின் போன். அம்மாவுக்கு அண்ணன். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்படிதான். கூட்டக் காட்சிக்கு வந்த உடுமலைப் பெண் யாரோ அதற்குள் சொல்லிவிட்டிருக்கிறாள்.

"ஏண்டா, உங்கம்மா பூ வெச்சுட்டு சினிமால உக்காரப் போறாளாமா?"

"ஒரு ஷாட் மாமா. கதைக்காக."

"கதைய நீ பாரு. ஊரு பூவத்தான் பாக்கும். காங்கேயத்துக்காரங்க உன்னயப் பத்தி நாலு எடத்துல விசாரிச்சுட்டிருக்காங்க. இருவத்தி மூணாம் தேதி ஊடு பாக்க வராங்க. இந்த நேரத்துல இது தேவையா?"

"நான் என்ன பண்ணட்டும்?"

"நீ அங்கதான வேல செய்யற? ஒரு படிச்ச பையனுக்கு நான் சொல்லித் தரணுமா? எப்படியோ நிக்கோணும். அவ மனசு நோகாம நிக்கோணும்."

காங்கேயத்துச் சம்பந்தம் எனக்குப் பெரிய விஷயமில்லை. அந்தப் பெண்ணிடம் இரண்டு முறைதான் பேசியிருக்கிறேன். சவுண்ட் இன்ஜினியர்களுக்குச் சீக்கிரம் காது போய்விடுமா என்று கேட்டாள். நல்ல கேள்வி. அவ்வளவுதான்.

சாப்பாடு இறங்கவில்லை. ஈரல் இன்னும் சரியாகவில்லை போல.

பிப்ரவரி 14, வெள்ளி

வெள்ளைச் சேலை ஷாட் முடிந்தது. ஒரே டேக். அத்தை கரண்டியை வைத்துவிட்டுப் பின்பக்கம் நடந்து போக வேண்டும். அம்மா நடந்து போனாள். மேடம் கட் சொன்ன பிறகும் நடந்து போய்க்கொண்டே இருந்தாள். செட் முடியும் இடத்தில் நின்று, "இதுக்கப்பறம் எங்க போறதுங்க?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

சவுண்ட் ஓகே.

காங்கேயத்துப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது: "உங்க அம்மா நடிக்கறாங்களாமே. படம் எப்போ வரும்?"

எழுத்தில் குரல் இல்லை. கேலியா, விசாரணையா, சாதாரணக் கேள்வியா, ஒன்றும் பிடிபடவில்லை. இருபது முறை படித்தேன். பதில் அனுப்பவில்லை.

பிப்ரவரி 15, சனி

காட்சி 47. உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பச்சைக் கண்டாங்கிச் சேலை. மேக்கப் போடும் அஞ்சலை அக்கா குங்குமம் வைத்தார். மல்லிகை இரண்டு முழம். நான் மைக் மாட்டப் போனேன். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மாட்டினேன். வெளிச்சம் குறைவு, கிளிப் சிறியது. அதனால் பார்க்க முடியவில்லை.

"எப்படிடா இருக்கேன்?"

"மைக்கத் தொடாத."

வசனம் இதுதான்: "தாலியக் கையில வெச்சுட்டு என்னயவே பாத்தா எப்படி மாப்ள? கை வலிக்கலியா? கட்டு." அம்மா சொல்லி முடித்ததும் நாற்பது பெண்களும் வாயைப் பொத்தாமல் சிரிக்க வேண்டும்.

டேக் 1: கேமரா தவறு. மாப்பிள்ளை ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டான்.

டேக் 2: முடிந்ததும் மேடம் கை தட்டினார். கேமராமேன் கட்டைவிரலைத் தூக்கினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மயில்" என்றேன்.

டேக் 3: ஜெனரேட்டர் இரைச்சல்.

டேக் 4: மயில்.

டேக் 5: சேலை உரசல்.

டேக் 3-லிருந்து நாற்பது பெண்களின் சிரிப்பும் குறைந்துகொண்டே வந்தது. ஒரே ஹாஸ்யத்துக்கு ஐந்தாவது முறை யார் சிரிப்பார்கள்? அம்மா ஒவ்வொரு தடவையும் என் பக்கம் திரும்பி, நான் இல்லை என்று தலையாட்டுவதைப் பார்த்துவிட்டு, எழுந்து போய்ப் பழைய இடத்திலிருந்து நடந்து வந்தாள். நான்காவது தடவை பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஐந்தாவதில் குரல் உயர்ந்துவிட்டது. கத்திச் சொன்னால் எனக்குக் கேட்கும் என்று நினைத்திருக்கிறாள்.

வெளிச்சம் போய்விட்டது.

மேடம் சொன்னார்: "நாளைக்குப் பகல் பத்து மணி வரைக்கும்தான் இந்த வீடு. ஓனர் குடும்பம் வந்துடும். அதுக்குள்ள வரலைன்னா இந்த சீனே இல்ல. அத்தை பின்பக்கம் போறதோட நிறுத்திக்குவேன்." பிறகு என்னிடம் தனியாக: "தரணி, டேக் டூ ரொம்பவே மோசமா?"

"ரொம்ப."

அவர் பதிவைப் போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

கேபிள் சுற்றும்போது டெய்சி பக்கத்தில் வந்து நின்றாள். "ரெண்டாவது டேக்குல மயில் எங்க கத்திச்சு?"

"தூரத்துல."

"எனக்குக் கேக்கல்ல."

"உன் ஹெட்போன் பழசு."

"என் ஹெட்போன் பழசுதான் மக்கா. ஒனக்குள்ளாக்க என்ன கத்துதுன்னு எனக்கெப்பிடித் தெரியும்?" கேபிளை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

மயில் இருந்தது. ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன்.

மாமாவுக்கு ஒரு வரி அனுப்பினேன்: அநேகமாக நின்றுவிடும். உடனே கும்பிடும் கை படம் ஒன்று வந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மத்தியானம். வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரோடு மோசம், எழுத்து ஆடும்.

காலை எட்டு மணிக்கே அம்மாவுக்கு மைக் மாட்டிவிட்டேன். என் முகத்தை அவள் பார்க்கவில்லை, அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. வண்டிக்கு வந்து ஹெட்போனைப் போட்டேன். மைக் மாட்டியவர்கள் தூரத்து அறையில் பேசுவதும் எனக்குக் கேட்கும். சாதாரணமாக அந்த ஒலியைக் குறைத்து வைத்துவிடுவேன். அது மரியாதை. இன்றைக்குக் கை போகவில்லை.

அஞ்சலை அக்கா பூ வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா அடத்தியா வையுங்க" என்றது அம்மாவின் குரல். "இன்னிக்கு ஒரு நாளுதான."

"நேத்தே சூப்பராத்தான பண்ணீங்க அக்கா."

"எங்கீங்க. என்ற குரலுதான் ஒத்து வரலியாமா. என்ற பையன் மொகத்தப் பாத்தாத் தெரியுது. அம்மாளுக்குப் பேச வரலைன்னு அத்தன பேரு முன்னால எப்புடிச் சொல்லுவான்? அதான் மயிலு கியிலுங்கறான். நல்ல பையன். காத்தால பஸ்ஸுல வரும்போது கூட வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துட்டு வந்தேன். பக்கத்துல இருந்தவ எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டா."

அக்கா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். பிறகு அவள் சொன்னதை மறக்காமல் எழுதிவிடுகிறேன்.

"என்ற பொண்ணு கல்யாணத்துக்குச் சாமான் ரூமுக்குள்ளதான் நின்னுட்டிருந்தேனுங்க. சீரு செய்யறதெல்லாம் சுமங்கலிங்கதான செய்யோணும்? எங்கண்ணன் கதவச் சாத்திட்டுப் போனாரு. கெட்டிமேளத்தக் காதுலதான் கேட்டேன். கண்ணுல பாக்கல. இதுல மொத வரிசைல உக்காந்து தாலி கட்டறதப் பாக்கலாமேன்னு ஒரு ஆச. வெறும் சினிமாதான். இருந்தாலும் கட்டறானில்ல?" பிறகு: "இந்த வாட்டியும் வரலைன்னா வேற ஆளப் பாக்கச் சொல்லிர்றேன். என்னால எல்லார்த்துக்கும் தொந்தரவு."

என் கூடப்பிறந்த அக்காவின் கல்யாணத்தில் மண்டபத்து மைக் செட்டை நான்தான் பார்த்துக்கொண்டேன். எல்லா மூலைக்கும் சத்தம் போகிற மாதிரி ஸ்பீக்கர் வைத்தேன். சாமான் ரூம் வரைக்கும் போயிருக்கிறது.

எழுந்து உள்ளே போனேன். மைக்கைச் சரி செய்கிற பாவனை.

"என்ற குரல்ல என்ன கோளாறு கண்ணு? சொல்லு, மாத்திக்கறேன்."

"கோளாறு ஒண்ணுமில்ல."

"அப்பறம்?"

"மயில்."

"நேத்து எனக்கு ஒரு மயிலும் கேக்கல சாமி. காது மந்தமாயிட்டுதோ என்னமோ."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அசிஸ்டென்ட் டைரக்டர் "சைலன்ஸ்" என்று கத்தினார். போய் உட்கார்ந்தேன்.

டேக் 6. மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. மேளம் நின்றது. மாப்பிள்ளை தாலியோடு உறைந்தான். அம்மா நடந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள், நிமிர்ந்தாள், வாயைத் திறந்தாள். அப்போது ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், மயில். நிஜ மயில். நீளமாக, தொண்டை கிழிய. ஹெட்போனில் என் காது அடைத்துவிட்டது.

மேடம் கட் சொல்லக் கையைத் தூக்கினார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"உன்னயும் கூப்புடலயா? வா, வந்து உக்காரு."

சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மாப்பிள்ளையைப் பார்த்தாள். "தாலியக் கையில வெச்சுட்டு என்னயவே பாத்தா எப்படி மாப்ள? கை வலிக்கலியா? கட்டு."

நாற்பது பெண்களும் சிரித்தார்கள். யாரும் வாயைப் பொத்தவில்லை. ஒரு அம்மாள் பக்கத்தில் இருப்பவளின் தொடையில் அடித்துச் சிரித்தார். மாப்பிள்ளைப் பையன் நிஜமாகவே பயந்து முடிச்சைப் போட்டுவிட்டான். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வசனம் முடிந்துவிட்டது என்பதே அவளுக்கு ஞாபகமில்லை.

கட். கேமரா ஓகே. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும். அவள் கை தலைக்குப் போயிருந்தது, பூவை எடுக்கத் தயாராக.

"சவுண்ட் ஓகே" என்றேன். என் குரல்தான் சரியாக வரவில்லை. மறுபடி சொன்னேன்.

டெய்சி கழியை இறக்கினாள். "மயிலு?"

"அது வசனம்."

ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

கடைசியாக ரூம் டோன். காட்சி முடிந்ததும் அந்த இடத்தின் மௌனத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஒட்டுப் போட உதவும். எல்லாரும் இருந்த இடத்தில் அசையாமல் நின்றார்கள். நூறு பேர். அம்மா முன்வரிசையில், மடியில் கை. அவளுடைய மைக்கை மூட மறந்துவிட்டேன். முப்பது விநாடிக்குப் பிறகு அவள் மூக்கை உறிஞ்சினாள், இரண்டு தடவை. அந்த ரூம் டோன் எதற்கும் பயன்படாது. இன்னொன்று எடுத்தேன். முதலாவதை அழிக்கவில்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அஞ்சலை அக்கா, "பூவ எடுத்துடட்டுமா அக்கா?" என்று கேட்டார்.

"பஸ்ஸுல எடுத்துக்கறேன்" என்றாள் அம்மா.

ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. கீழாநெல்லியை நாளைக்கும் மறக்காமல் குடிக்கச் சொன்னாள். பஸ் திரும்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பூ இருந்தது. திருப்பத்தில் மறையும் வரைக்கும் இருந்தது. உடுமலையில் இறங்கும்போது இருந்ததா என்று தெரியாது. மாமா வீடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்.

இனி செய்ய வேண்டியவை:

1. பேட்டரி எல்லாவற்றையும் சார்ஜில் போட வேண்டும். சட்டை மைக் மூன்றாவதின் கிளிப் தளர்ந்திருக்கிறது.

2. காட்சி 47, டேக் 2, 4: ரிப்போர்ட்டில் "மயில்" என்பதை அடித்துவிட வேண்டும். டேக் 3-இல் ஜெனரேட்டர் ஓடவேயில்லை, டேக் 5-இல் சேலை உரசவேயில்லை, அவற்றையும். மேடத்திடம் நானே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும்.

3. டெய்சிக்குப் புது ஹெட்போன் கேட்டு எழுத வேண்டும். அதற்கு முன் அவளிடம் பேச வேண்டும்.

4. மாமாவுக்கு, அவர் கூப்பிடுவதற்குள் நான் கூப்பிட வேண்டும். நிற்கவில்லை, நான்தான் ஓகே சொன்னேன் என்று சொல்ல வேண்டும்.

5. காங்கேயத்துப் பெண்ணுக்கு எழுதி அனுப்பக் கூடாது. போன் செய்ய வேண்டும். படம் எப்போது வரும் என்பதைச் சொல்லிவிட்டு, நம் கல்யாணம் என்று ஒன்று நடந்தால் என் அம்மா எங்கே உட்காருவாள் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் என்ன குரலில் பதில் சொல்கிறாள் என்று கேட்க வேண்டும்.

6. நாளை முதல் பஸ்ஸில் உடுமலைக்குப் போய், அம்மாவின் காதில் ஒரு கோளாறும் இல்லை, சனிக்கிழமை மயில் கத்தவேயில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.